சக்கரம் மாட்டியாச்சு, வேலை முடியவில்லை

(தக்கலையில் நடந்த ஆம்புலன்ஸ், பள்ளி வேன், ஆட்டோ ஓட்டுநர்கள் கூட்டத்தில், பல ஆண்டுகளாகப் பணிமனை நடத்திவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மரியாதைக்குரிய ஜமாஅத் பெரியவர்களே, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் சகோதரர்களே, தம்பிமாரே! சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட், சீட் பெல்ட், போன் பேசிக்கொண்டே ஓட்டுவது, இதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அப்புறம் தவக்கல் வைப்பது பற்றி ஹஸ்ரத்மார் பயானில் நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். நான் வண்டிப் பட்டறைக்காரன். ஒட்டகம் எனக்குத் தெரியாது. வீல் நட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.

சக்கரம் கழன்று ஓடுவது அபூர்வமாக நடக்கிற விஷயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அரசுப் பேருந்தின் பின்சக்கரம் கழன்று ஓடியது, டிப்பர் லாரியின் சக்கரம் கடைக்குள் புகுந்தது என்று பேப்பரில் வரும்போது பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். ஒரு பெரிய லாரியின் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது கழன்றால், வண்டி நின்றாலும் சக்கரம் நிற்காது. அதற்குப் பிரேக் கிடையாது, ஹாரன் கிடையாது. மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் அப்படி ஒன்று நடந்தால் கீழே கடைத்தெருவில் நடந்துபோகிறவர் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். வண்டிக்குள் இருப்பவருக்கு மட்டும் வருகிற ஆபத்து இல்லை இது. ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்கும் வரும்.

நம்முடைய வண்டிகள் எவை? நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆசாரிபள்ளத்துக்கும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் ஓடும் ஆம்புலன்ஸ். காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் வேன். மையித்து வண்டி. இவை எதுவுமே நிதானமாக ஓடுகிற வண்டி இல்லை. ஆம்புலன்சில் டயர் பஞ்சர் என்றால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டுப் புறப்பட வேண்டும் என்கிற அவசரம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் தப்பு நுழைகிறது.

முதலில், நட்டு எப்படிச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதைச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சக்கரத்தின் எடையை ஸ்டட்டு, அதாவது நட்டு ஏறும் அந்த போல்ட்டு, தாங்குகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட்டு ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் நீளுகிறது. நீண்ட ஸ்டட்டு திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்குகிற இழுப்புதான் டிஸ்க்கை ஹப்போடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறது. ஒரு சாதாரண கார் நட்டைச் சரியாக முறுக்கினால், கணக்குப்படி ஒரு நட்டுக்கு ஏறக்குறைய 4 டன் அமுக்கு கிடைக்கும். ஐந்து நட்டுக்கு 20 டன். அந்த அமுக்கில் டிஸ்க்கும் ஹப்பும் ஒட்டிக்கொண்டு, உராய்விலேயே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. அமுக்கு குறைந்தால் டிஸ்க்கு லேசாக அசையத் தொடங்கும். அசைந்தால் நட்டு தளரும். தளர்ந்தால் இன்னும் அசையும். கடைசியில் பாரம் முழுவதும் ஸ்டட்டின் மேல் விழுந்து, ஒவ்வொன்றாக முறியும்.

சரி, ஸ்டட்டு எவ்வளவு நீளும் தெரியுமா? ஒரு தலைமுடியின் தடிப்பளவுதான். அதுகூடச் சில வண்டியில் இராது. அந்த முடியளவு நீட்சியில்தான் உங்கள் உயிரும் உள்ளே இருக்கிறவர் உயிரும் தொங்குகிறது.

இப்போது எஃப்.சி. காட்டப் போகிற வழக்கத்துக்கு வருகிறேன். புதிய வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கப்புறம் ஆண்டுதோறும் எஃப்.சி. டி.என். 74 ஆனாலும் டி.என். 75 ஆனாலும் அதுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிறதற்கு முந்தின நாள் நாம் என்ன செய்கிறோம்? டிஸ்க்கைக் கழற்றி முன்னும் பின்னும் பளபளவென்று சில்வர் பெயின்ட் அடிக்கிறோம். ட்ரம்மிலும் அடிக்கிறோம். ஒரு கோட்டு போதாது என்று இரண்டு கோட்டு. பெயின்ட் சரியாகக் காயும் முன்பே மாட்டி முறுக்குகிறோம். டிஸ்க்கும் ஹப்பும் ஒட்ட வேண்டிய முகத்தில் இந்தப் பெயின்ட்டு எவ்வளவு தடிப்பில் இருக்கும்? அதுவும் தலைமுடித் தடிப்புதான்! வண்டி ஓடும்போது சூட்டிலும் அமுக்கிலும் அந்தப் பெயின்ட்டு நசுங்கி உதிரும். பெயின்ட்டு எவ்வளவு நசுங்கியதோ அவ்வளவு ஸ்டட்டு சுருங்கிவிடும். நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது. ஆனால் பிடிப்பு போய்விட்டது. அழகு பார்க்கிற பெயின்ட்டை வெளிப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள். டிஸ்க்கு ஒட்டுகிற முகத்திலும், நட்டு உட்காருகிற குழியிலும் பெயின்ட்டு கூடாது. இருந்தால் சுரண்டி எடுங்கள்.

துருவும் அப்படித்தான். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடுகிற வண்டிகளுக்கு உப்புக்காற்றில் ஹப்பு முகம் பொருக்குத் தட்டிப் போயிருக்கும். அதன் மேலேயே சக்கரத்தை மாட்டினால் பொருக்கு ஓட்டத்தில் உடைந்து உதிரும். கம்பி பிரஷ் ஒன்று வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வேன் என்றால் இரண்டு டிஸ்க்குக்கும் நடுவில் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும். அதையும் துடைக்க வேண்டும். முகம் கூடக் கூட, அமர்ந்து இறங்குவதும் கூடும்.

இதை எப்படிச் சொன்னால் மனசில் நிற்கும் என்று யோசித்தேன். லாரியில் வைக்கோல் பாரம் ஏற்றிக் கயிறு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், நாலைந்து மைல் ஓடியதும் வைக்கோல் அமர்ந்துவிடும், கயிறு தொளதொளவென்று ஆகிவிடும். விவரமான டிரைவர் என்ன செய்வார்? முதல் டீக்கடையில் நிறுத்திக் கயிற்றை மறுபடி முறுக்குவார். கயிறு அவிழவில்லை, முடிச்சும் கழரவில்லை. பாரம் அமர்ந்தது, அவ்வளவுதான். சக்கரமும் அப்படித்தான் அமரும். அதனால்தான் சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு முறை நட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வைக்கோலுக்குக் கொடுக்கிற மரியாதையை நோயாளிக்கும் கொடுக்கலாம் அல்லவா?

அடுத்து, எவ்வளவு முறுக்குவது. "நல்லா சவிட்டி முறுக்கியாச்சு" என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இந்தச் சவிட்டு வேலைதான் எனக்குப் பயம். கம்பெனி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. சிறிய கார், வேன்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். பத்து நட்டு உள்ள பெரிய லாரி, பஸ்ஸுக்கு 600 வாக்கில் போகும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். நியூட்டன் மீட்டர் என்றால் பயப்பட வேண்டாம். 100 நியூட்டன் மீட்டர் என்பது, கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ அழுத்துவது. எழுபது கிலோ ஆள் பாதி எடையைக் கையில் போட்டுக் கொஞ்சம் கூட அழுத்தினால் போதும். அதே ஆள் ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் 170 ஆகிவிடும். குதித்தால் இன்னும் கூடும். ஒரு மீட்டர் பைப்பைச் சொருகித் தொங்கினால் 700! கார் ஸ்டட்டுக்கு லாரிக் கணக்கு.

கூடுதலாக முறுக்கினால் என்ன கெட்டுப்போகும் என்று தம்பிமார் கேட்பார்கள். பிள்ளைகளின் நிக்கர் எலாஸ்டிக்கை ஒரேயடியாக இழுத்துவிட்டால் அப்புறம் இடுப்பில் நிற்குமா? ஸ்டட்டும் அப்படித்தான். அளவுக்கு மேல் இழுபட்டால் திரும்பச் சுருங்காது. பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும், பிடிப்பு இருக்காது. ஒரு நாள் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முறியும். இன்னொன்று, ராத்திரி மழையில் நடுவழியில் பஞ்சரானால் அந்த நட்டைக் கழற்றவும் உங்களால் முடியாது. மரையில் கிரீசு, எண்ணெய் தடவுவதும் இதே கேடுதான். வழுக்கி ஓடுவதால் அதே முறுக்குக்கு ஸ்டட்டு கூடுதலாக இழுபடும். கம்பெனி புத்தகத்தில் தடவச் சொல்லியிருந்தால் தடவுங்கள், இல்லையென்றால் கம்பி பிரஷால் துடைத்தால் போதும்.

டயர் கடைகளில் ஏர் கன் வந்துவிட்டது. டர்ர்ர் என்று ஒரு சத்தம், முடிந்தது. அந்தப் பையன் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. நாலு வண்டி காத்திருக்கும், நாமும் தலைக்கு மேல் நின்றுகொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்போம். கூலி என்று கொடுப்பது என்ன என்பதும் நமக்கே தெரியும். ஆனால் ஏர் கன்னுக்குக் கை கிடையாது. மரை குறுக்கே ஏறினாலும் அது தெரியாமல் ஏற்றிவிடும். அதனால் அவரிடம் இரண்டே விஷயம் மரியாதையாகச் சொல்லுங்கள்: தம்பி, நட்டை முதலில் கையால் மூன்று நாலு மரை ஏற்றிக்கோ, கடைசி முறுக்கு நான் கையால் போட்டுக்கறேன். கையால் ஏறாத நட்டில் கோளாறு இருக்கிறது, ஏர் கன்னால் அது சரியாகாது.

முறுக்குகிற வரிசையும் முக்கியம். பக்கத்துப் பக்கத்து நட்டாகப் போகக் கூடாது. ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரில் உள்ளது. ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று. சக்கரம் தூக்கியிருக்கும்போது எல்லா நட்டையும் ஓரளவுக்கு அமர்த்துங்கள். ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பட்டபிறகு கடைசி முறுக்கு. நட்டின் கூம்பு முகம் டிஸ்க்கின் பக்கம் இருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பி மாட்டின நட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அலாய் சக்கரத்துக்கு ஒரு நட்டு, இரும்பு ஸ்டெப்னிக்கு வேறு நட்டு என்று இருக்கிற வண்டிகளும் உண்டு. பழைய வண்டி வாங்கினவர்கள் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பக்கம் ஜீப்பு ஓட்டுகிற சகோதரர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். பேச்சிப்பாறை, கீரிப்பாறை எஸ்டேட்டுகளில் ஓடின பழைய ஜீப்புகளில் இடதுபக்கச் சக்கரத்துக்கு இடதுமரை இருக்கும். ஸ்டட்டின் முகப்பில் எல் என்று ஆங்கில எழுத்து பொறித்திருப்பார்கள். அதை வழக்கத்துக்கு மாறாக இடதுபக்கம் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கி ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. ஏன் அப்படி வைத்தார்கள்? வண்டி முன்னால் ஓடும்போது இடதுபக்கச் சக்கரம் சுற்றுகிற போக்கு, சாதாரண மரையைத் தளர்த்தப் பார்க்கும். பிரிட்டனும் நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டுகிற நாடுதான். அங்கே கனரக வண்டிகளில் இடதுபக்கப் பின்சக்கரம்தான் அதிகம் கழன்றிருக்கிறது. 2006-ல் அங்குள்ள டி.ஆர்.எல். என்ற போக்குவரத்து ஆய்வுக்கூடம் போட்ட கணக்கில், ஆண்டுக்கு 150 முதல் 400 சக்கரங்கள் வரை கழல்கின்றன, அதில் 3 முதல் 7 விபத்துகளில் உயிர் போகிறது. அவ்வளவு ஒழுங்கான ரோடும், அவ்வளவு கட்டுப்பாடும் உள்ள நாட்டில் இந்த நிலை. நம்முடைய வண்டிகளில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டிய சக்கரம் எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

கனடாவில் நம் தமிழர்கள் நிறைய வாழ்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் 1997-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். ரோட்டில் சரக்கு லாரியின் சக்கரம் கழன்றால் 2,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம். "நான் எல்லாக் கவனமும் எடுத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். ஒரு லாரி கம்பெனி இது நியாயமில்லை என்று மேல்கோர்ட்டு வரை போனது. சட்டம் செல்லும் என்று 2003-ல் தீர்ப்பாகிவிட்டது. கடுமையான சட்டம்தான், எனக்கே கொஞ்சம் கூடுதல் என்று தோன்றும். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அஜாக்கிரதையால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ம் பிரிவு ஓட்டுநர் மேல்தான் முதலில் வந்து நிற்கும், முதலாளி மேல் அல்ல. அதையும் மனசில் வையுங்கள்.

இனி, தளர்ந்த சக்கரம் முன்கூட்டியே சொல்லும். சக்கரம் மாற்றின பிறகு புதிதாக ஒரு ஆட்டம் ஸ்டியரிங்கில் தெரிகிறதா? மெதுவாகப் போகும்போது கடக், கடக் என்று ஒரு சத்தம், வேகம் எடுத்தால் அடங்கிவிடுகிறதா? நட்டின் அடியிலிருந்து துரு நிறத்தில் கோடு வழிந்திருக்கிறதா? துளையைச் சுற்றிப் பெயின்ட்டு தேய்ந்து பளபளவென்று இரும்பு தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நட்டை முறுக்கிவிட்டு ஓட்டக் கூடாது, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். துளை முட்டை வடிவில் இழுபட்டிருந்தால் அந்த டிஸ்க்கு முடிந்தது. ஒரு ஸ்டட்டு முறிந்திருந்தால் அதற்கு இரு பக்கமும் உள்ளதையும் மாற்றுங்கள், அதன் பாரத்தையும் அவை சுமந்திருக்கின்றன.

ஒரு ஆம்புலன்ஸ் தம்பி என்னிடம் கேட்டார், "அண்ணே, நோயாளி உள்ளே இருக்கும்போது இந்தச் சத்தம் வந்தா நான் நிறுத்தட்டுமா, ஓட்டட்டுமா?" நல்ல கேள்வி. நிறுத்த வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடதோரம் ஒதுங்கி நிறுத்துங்கள். நட்டு தளர்ந்து மட்டும் இருந்தாலும் முறுக்கிவிட்டு அப்படியே ஓட்டக் கூடாது, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நட்டே காணவில்லை என்றால் மற்ற மூன்று சக்கரத்திலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் போட்டு, பக்கத்துப் பட்டறை வரை மெதுவாக நகர்த்தலாம். அது வண்டிக்குச் சொன்னது, நோயாளிக்கு அல்ல. நோயாளியை 108-ஐக் கூப்பிட்டு மாற்றி அனுப்புங்கள். ஸ்டட்டு முறிந்திருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்கள் சத்தம் போடுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வண்டியின் சக்கரம் ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 550 தடவை சுற்றுகிறது. களியக்காவிளை வரை இழுத்துவிடலாம் என்று நினைப்பது எத்தனை ஆயிரம் சுற்று என்று கணக்குப் பாருங்கள்.

பெரியவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கை. ஒன்று, நம் அறக்கட்டளைக்கு ஒரு டார்க் ரென்ச் வாங்க வேண்டும். கைப்பிடியில் அளவைத் திருப்பி வைத்துவிட்டால், அந்த முறுக்கு வந்ததும் க்ளிக் என்று சொல்லும். சொன்னதும் கையை எடுத்துவிட வேண்டும், இன்னும் ஒரு க்ளிக் என்று ஆசைப்படக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்த இடத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் கெட்டுவிடும். பெரிய செலவு இல்லை, ஒரு டயர் விலையை விடக் குறைவு. நம் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும்.

இரண்டாவது, வண்டிக்கு ஒரு நோட்டு. எந்தச் சக்கரம், என்றைக்குக் கழற்றியது, அப்போது மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், முறுக்கியது யார், மறுபடி பார்த்தது எத்தனையில், யார். கையெழுத்து. சக்கரம் மாற்றியது காலை டிரைவர், மறுமுறுக்கு போட வேண்டியது ராத்திரி டிரைவர் என்று வந்தால் இரண்டு பேரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். நோட்டு இருந்தால் அப்படி ஆகாது. தக்கலையில் சக்கரம் மாற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போனால், நோயாளியை இறக்கிவிட்டு, கூட வந்தவர் சீட்டு எடுத்து வருவதற்குள் அங்கேயே மறுமுறுக்கு போட்டு எழுதிவிடலாம். முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து டிஸ்க்கு வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள். கோடு நேராக இல்லையென்றால் நட்டு நகர்ந்திருக்கிறது. கோடு நேராக இருந்தாலும் மறுமுறுக்கை விடக் கூடாது, பிடிப்பு குறைவது கோட்டில் தெரியாது என்று முன்னமே சொன்னேன்.

ஆட்டோ சகோதரர்களுக்கு ஒன்று மட்டும். உங்கள் பின்சக்கரத்தில் நட்டு தவிர, ட்ரம்மைப் பிடிக்கிற நடு நட்டும் அதற்கு ஸ்பிளிட் பின்னும் உண்டு. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், அல்லது கம்பியை முறுக்கிச் சமாளிக்காதீர்கள். புதுப் பின் விலை உங்களுக்கே தெரியும்.

வெளியே பள்ளி வேன் நிற்கிறது. இடதுபக்கப் பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துக் கழற்றிக் காட்டுகிறேன். சரிவில் நிற்பதால் முன்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும், யாராவது இரண்டு தம்பிமார் போய் எடுத்து வையுங்கள். ஒவ்வொருவரும் உங்கள் வண்டியின் ஸ்பேனரை எடுத்து வாருங்கள், அதன் நீளத்தை அளந்து எத்தனை கிலோ அழுத்த வேண்டும் என்று பிடியிலேயே எழுதித் தருகிறேன்.